கச்சேரியை விட்டுக் காட்டுக்குச் சென்றோர்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முதியோர் வாயில் இன்றும் வழங்கும் ஒரு பழமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே எம்மவர் நாவிற் கோறணமேந்து எனத் திரிந்தது. இப்பழமொழியை அடிமைப் புத்தியின் அடையாளமெனக் காட்டி நகையாடுதல் மேடைப் பேச்சாளர்க்கு வழக்கமாயிற்று. யான் அக்கருத்தை முற்றாக ஏற்பேனல்லேன். ஒரு கூற்று நாலைந்து தலைமுறை நிலைத்து நிற்குமாயின் அதன் அடியில் ஏதேனும் ஒரு கணக்கு இருத்தல் வேண்டும். மழை பொய்த்தாலும் மாதச் சம்பளம் பொய்யாது. முதுமையிற் பென்சன் வரும். உத்தியோகத்தன் இறப்பினும் அவன் மனைவி மக்கள் கைவிடப்படார். வற்றாத ஆறொன்றில்லாது கிணற்றையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த ஒரு சமுதாயம் இவ்வாறு கணக்கிட்டதில் வியப்பில்லை.

அக்கணக்கை நன்கறிந்திருந்தும் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, இருபது இருபத்தைந்து வயதிலே வேறு வழி சென்றோரும் நம் நாட்டில் இருந்தனர். அவர் சென்றது எவ்வாறு, அவர்க்கு நேர்ந்தது யாது என்பதனை நமது முல்லைத்தீவு மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கல்வியும் உத்தியோகமும் ஒன்றோடொன்று பிணைந்த கதை நெடியது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினறியை நிறுவி, ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல் முதலியவற்றைக் கற்பித்தனர். சமயப் பணிக்கு ஆட்களை ஆக்குதலே அவர்தம் நோக்கம். கற்று வெளியேறியோருட் பலர் நாடியதோ அரசாங்க உத்தியோகம். 1855இல் அச்செமினறி மூடப்பட்டபோது இதுவும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. கொடுத்தவர் ஒன்றைக் கருதக் கொண்டவர் வேறொன்றைக் கருதினர்.

அதே காலத்தில் எதிர்த்திசையில் நடந்த ஒருவரை இவ்விதழின் வாசகர்க்கு அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. 1822இற் பிறந்த ஆறுமுக நாவலர், பீற்றர் பார்சிவல் பாதிரியாரின் கீழ் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் ஆசிரியராயிருந்தவர். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் அவர்க்கு உதவியவர். 1848இல், இருபத்தைந்து வயதில், அவ்வேலையைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. மறு ஆண்டில் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றார். அவரது சமயத் தொண்டையும் வசன நடையையும் ஆண்டுதோறும் மேடையேற்றிப் போற்றும் நாம், வேலையை விட்ட மறு மாதத்தில் அவர் கைக்குச் சம்பளம் வரவில்லை என்பதனை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயின் நாவலர் மணஞ் செய்துகொள்ளாதவர். தங்கைமார்க்குச் சீதனம் தேட வேண்டிய ஒருவன், பெற்றோரைத் தாங்க வேண்டிய ஒருவன், அவ்வாறு செய்தல் கூடுமா? பெருமக்கள் வரலாறு அவ்வினாவுக்கு விடை தாராது. சாதாரண மக்கள் வரலாற்றையே நாடவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மலாயா நாடு திறந்தது. புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, திறைசேரி என்றிவற்றில் வேலை கொள்ள யாழ்ப்பாணத்து ஆங்கிலப் படிப்பாளர் கப்பலேறினர். கடல் கடந்து, அறியாத நாட்டிற் காய்ச்சலுக்கும் தனிமைக்கும் உட்பட்டு வாழ்தல் சிறு துணிவன்று. எனினும் முதலிற் சென்றோர் பணம் அனுப்பக் கண்டபின் அது துணிவெனவே கருதப்படவில்லை, ஊர் வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு ஒருவன் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போவது கலியாணப் பேச்சிற் பெருமைக்குரியதாயிற்று. அக்காலத்திலேயே, ஐம்பது அறுபது மைல் தெற்கே கிடந்த வன்னிக்குக் கமஞ் செய்யப் போகிறேன் என்று படித்த இளைஞன் ஒருவன் கூறியிருப்பின், அவனுக்குப் பித்துப் பிடித்ததென்றே வீட்டார் எண்ணியிருப்பர். எது துணிவு எது பேதைமை என்பதனைத் தூரம் தீர்மானிப்பதில்லை; முன்னே சென்றவன் திரும்பி வந்த கோலமே தீர்மானிக்கின்றது.

வன்னியைப் பற்றிய அச்சம் வீணானதன்று. 1803இற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அவ்வாண்டு இறுதியிற் கற்சிலைமடுவிற் படைத்தலைவன் டிரிபேர்க்கிடம் தோல்வியுற்றதும் யாவரும் அறிந்தவை. அதன்பின் வந்த காலத்திற் குளங்கள் உடைந்து தூர்ந்தன, ஊர்கள் சுருங்கின, காடு ஏறிற்று. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலைப் படிப்போர்க்கு அக்காலத்து நிலை புலனாகும். எல்லாவற்றிற்கும் மேலாக மலேரியாக் காய்ச்சல் இருந்தது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்ற பின்னரும் யாழ்ப்பாணத்தார் பலர்க்கு வன்னி என்பது சாளரத்தின் வழியே கண்டு கடந்துபோகும் காடாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியது தனி மனிதர் வீரமன்று. நீர், சட்டம், மருந்து என்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1935இல் டி. எஸ். சேனநாயக்கா விவசாய, காணி மந்திரியாயிருந்தபோது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. காணிக் கச்சேரி வைத்து ஆட்களைத் தெரிந்து, உத்தரவுப் பத்திரம் வழங்கி, அந்நிலம் கடனுக்கு மூழ்காமலும் துண்டு துண்டாகப் பிரியாமலும் காக்கும் ஏற்பாடு அச்சட்டத்தில் அமைந்தது. தேசவழமைப்படி சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து பரப்புக் கணக்கிற் சுருங்கிவிட்ட யாழ்ப்பாணக் காணிகளைக் கண்டவர்க்கு இவ்வேற்பாட்டின் அருமை விளங்கும். மறுபுறம், விற்கவும் ஈடுவைக்கவும் இயலாத நிலத்தை வைத்துக்கொண்டு வங்கியிற் பெருங்கடன் பெறுதல் அரிது. காப்பதும் கட்டுவதும் ஒரே கயிறாகவே இருந்தது. 1936இல் யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றம் தோன்றிற்று. 1946 தொடக்கம் டி.டி.ரி. மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட, மலேரியா ஒடுங்கலாயிற்று. சுதந்திரத்தின் பின் பாலியாற்று வவுனிக்குளமும் பேராற்று முத்தையன்கட்டுக் குளமும் புதுக்கப்பட்டு, அவற்றின் கீழும் குடியேற்றங்கள் எழுந்தன.

ஆயினும் படித்த இளைஞர் திரளாக வந்தது 1960களின் பிற்பகுதியிலேதான். அதற்கு முன் வந்தோர் பெரும்பாலும் வயல்வேலை அறிந்த கமக்காரர். படித்தவரைக் காட்டுக்குத் தள்ளியது யாது? 1945இல் இலவசக் கல்வி வந்தது. பரீட்சையிற் சித்தியெய்துவோர் தொகை பெருகிற்று. உத்தியோகத் தொகை அவ்விகிதத்திற் பெருகவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் இளைஞர்க்கு எஞ்சியிருந்த வாயிலையும் ஒடுக்கிற்று. 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் யாழ்ப்பாண மாணவரை வருத்தியது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு இடமொதுக்கும் முறையால் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதி மாணவர் சிலர் பயன்பெற்றதும் உண்மையே. அதை மறைத்தல் வரலாறாகாது. இந்நோய் இலங்கைக்கு மட்டும் உரியதுமன்று. வேலைக்குப் பத்திரம், பத்திரத்துக்கு மேலும் ஒரு பத்திரம் என்று நாடுகள் ஓடும் ஓட்டத்தை ரொனால்ட் டோர் என்னும் ஆங்கிலேய சமூகவியலார் 1976இல் எழுதிய நூலொன்றிற் பத்திர நோய் என்றே பெயரிட்டார். அவர் எடுத்துக்காட்டிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

எனவே விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கியபோது, அங்கு வந்த இளைஞனிடம் இருந்தது பாதி துணிவு, பாதி வேறு போக்கின்மை. பரந்தன் முல்லைத்தீவு வீதியிலே இன்று கடைகளும் பாடசாலைகளும் நிறைந்து விளங்கும் விசுவமடு அன்று காடு. மரந் தறித்து, கட்டை பிடுங்கி, நெருப்பிட்டு, கொட்டிலமைத்து, யானைக்கும் பன்றிக்கும் இரவிற் காவலிருந்து, பகலில் நீர் பாய்ச்சினர். வேட்டி சால்வையோடு கச்சேரிக்குப் போவான் என்று தாய் எண்ணி வளர்த்த மகன், முழங்கால் வரை செம்மண் அப்பிய காலோடு தீபாவளிக்கு ஊர் சென்றபோது அவ்வீட்டில் எழுந்த பேச்சை வாசகர் ஊகித்துக்கொள்க.

காலமும் அவர்க்கு முற்றிலும் சாதகமாய் இருந்ததன்று. 1963இல் இலங்கை முழுவதிலும் பதினேழு பேர்க்கே மலேரியா கண்டதெனக் கணக்கெடுக்கப்பட்டிருந்தது. நோய் ஒழிந்ததென நாடு மகிழ்ந்திருக்க, 1967இன் பின் அது மீண்டெழுந்தது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிற்று. இளைஞர் கொட்டில் போட்ட ஆண்டுகளும் காய்ச்சல் திரும்பிய ஆண்டுகளும் ஒன்றாகவே அமைந்தன. பாட்டன்மார் கூறிய அச்சம் பொய்யென்று காட்டப் புறப்பட்டவர்களே அது மெய்யென்று தம் உடம்பிற் கண்டனர். (இந்நோய் இலங்கையில் முற்றாக ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது 2016இல்.)

நெல் விளைவித்தலே குடியேற்றத்தின் பழைய இலக்கு. படித்த இளைஞர் செய்த புதுமை, மேட்டுநிலத்தில் நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டமையாகும். குளத்து மட்டத்துக்கு மேலே கிடந்த நிலத்துக்கு வாய்க்கால் நீர் தானாக ஏறாது. மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் அக்குறையைத் தீர்த்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் துலா மிதித்துச் சில பரப்பில் நுணுக்கமாகச் செய்த பயிர்த்தொழில், வன்னியில் ஏக்கர்க் கணக்கில் விரிந்தது. பசளையின் அளவு, பூச்சிமருந்தின் கலவை, நாற்றுக்கும் நாற்றுக்கும் இடைவெளி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிப் பார்த்துச் செய்தற்கு அவர்தம் படிப்பு உதவிற்று. உத்தியோகத்துக்கென்று கற்ற கல்வி வீணாயிற்று என்று கூறியவர் இதனைக் கவனிக்கவில்லை.

அதன்பின் 1970இற் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. கொழும்புச் சந்தையிற் செத்தல் மிளகாயின் விலை ஏறியது. விசுவமடுவிலிருந்தும் முத்தையன்கட்டிலிருந்தும் லொறிகள் மூடை மூடையாக ஏற்றிச் சென்றன. அக்காலத்தைக் கண்டவரோடு இன்றும் பேசிப் பார்க்கலாம். எத்தனை அந்தர் விளைந்தது, என்ன விலை போயிற்று என்று ஐம்பது ஆண்டின் பின்னும் தயங்காது கூறுவர். கொட்டில் கல்வீடாயிற்று. உழவு இயந்திரம் முற்றத்தில் நின்றது. முன்னர் முகஞ் சுளித்த தரகர் இப்போது வன்னி மாப்பிள்ளையைத் தேடி வந்தனர். தெற்கே 1971 ஏப்ரலில் வேலையற்ற கிராமத்து இளைஞர் ஆயுதமேந்தி மாண்ட அதே ஆண்டுகளில், இங்கே அதே வயதினர் மிளகாய்க் கன்றுக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தனர் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வெற்றியை இளைஞரின் துணிவுக்கே முழுதும் உரியதாக்கி எழுதுதல் எளிது. நினைவு மலர்கள் பலவும் அவ்வாறே எழுதுகின்றன. யான் அதனோடு உடன்படேன். துணிவு இல்லையேல் காடு கழனியாகியிராது. ஆயின் அதே துணிவோடு மலேரியா நிறைந்த 1920களில், நீரில்லாத மேட்டில், உத்தரவுப் பத்திரமுமின்றி ஒருவன் இறங்கியிருப்பின் அழிந்தே போயிருப்பான். நிலத்தை அரசு கொடுத்தது. குளத்தை அரசு கட்டிற்று. போட்டியை அரசு தடுத்தது. உழைப்பும் நோயும் கடனும் இளைஞனுடையவை. ஓர் இளைஞன் தாங்கக்கூடிய இடர் உண்டு, தாங்க முடியாத இடரும் உண்டு. பின்னையதை வேறொருவர் ஏற்ற காலத்திலேதான் முன்னையது பலித்தது.

இவ்விடத்தில் நம்மவர் பெரிதும் பேச விரும்பாத ஒன்றையும் கூற வேண்டும். அம்மிளகாயைப் பறித்த கைகள் யாருடையவை? மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல அத்தோட்டங்களிற் கூலிவேலை செய்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1973, 1974ஆம் ஆண்டுகளிற் பெருந்தோட்டங்களிற் பசியால் வாடி, 1977 ஆகஸ்டில் வன்செயலால் துரத்தப்பட்டு வந்த மக்கள் அவர்கள். அவர்களும் இளையோரே, அவர்களும் அறியாத காட்டுக்கு வந்தவர்களே. படித்தவன் வந்தால் துணிவு என்றும், அவர்கள் வந்தால் பிழைக்க வந்தது என்றும் இரு சொற்களை நாம் வைத்திருக்கிறோம். திரும்பிப் போக ஒரு வீடு யாழ்ப்பாணத்திலிருந்தவன் எடுத்த இடரினும், திரும்ப இடமே இல்லாதவள் எடுத்த இடர் பெரிது. காணிக் கச்சேரியில் அவள் பெயர் அழைக்கப்படவில்லை.

1977 ஜூலையில் ஆட்சி மாறிற்று; அவ்வாண்டு இறுதியிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கப்பலில் வந்த மிளகாயும் வெங்காயமும் சந்தையை நிறைத்தன. நுகர்வோர்க்கு அது நன்மையே. மிளகாய்த்தூளின்றி வருந்திய தென்னிலங்கைக் குடும்பங்களை நாம் மறந்துவிடலாகாது. ஆயின் விசுவமடுவிலே உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் கடன்பட்டவன், பழைய விலையை நம்பியே கையெழுத்திட்டிருந்தான். அவன் உழைப்பிலோ அறிவிலோ ஒரு குறையும் நேரவில்லை. அவன் ஏற்றதாக நினைத்திராத இடர் ஒன்று, கொழும்பில் வாசிக்கப்பட்ட ஒரு வரவுசெலவுத் திட்டத்தின் வழியாக, அவன் தோளில் ஏற்றப்பட்டது. சிலர் நெல்லுக்கு மாறினர். சிலர் உழுந்தும் கௌபியும் போட்டனர். சிலர் மத்திய கிழக்குக்குப் போயினர்.

1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாயிற்று. அதன்பின் வந்த போர்க்காலத்தையும், 2004 டிசம்பர் 26ஆந் தேதி கடல் கொண்டதையும், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்ததையும் இக்கட்டுரையில் விரித்தல் பொருந்தாது. தொழில் தெரிவு என்ற சொல்லுக்கே இடமில்லாத ஆண்டுகள் அவை. மீளக்குடியமர்ந்தோர் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் கண்டது, தந்தையர் ஒருமுறை வெட்டிய காடு மீண்டும் வளர்ந்து நிற்பதனை. இரண்டாம் முறை வெட்டியவருட் கணவனை இழந்த பெண்கள் பலர்.

அண்மைக் காலத்திலும் அதே பாடம் திரும்ப நடந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோது பயிர்க்காலம் தொடங்கிவிட்டது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. தோட்டத்தில் நீரிறைப்பவனையும் முல்லைத்தீவுக் கரையில் இயந்திரப் படகு தள்ளுபவனையும் அது ஒருங்கே தாக்கிற்று. வங்கிக் கடனோடு சொந்தத் தொழில் தொடங்கிய இளைஞர் சிலர் படகை விற்றனர். சிலர் முகவரைத் தேடினர்.

உயர்தர வகுப்பில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இது வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று. படித்தபின் யாது செய்வீர் என்று வகுப்பிற் கேட்டால், முன்வரிசை மாணவர் உத்தியோகம் என்பர். பின்வரிசை மாணவர் வெளிநாடு என்பர். ஒருமுறை ஒரு மாணவன் மட்டும், அப்பாவின் காணியிற் பப்பாசி வைக்கப் போகிறேன் சேர் என்றான், வகுப்பு சிரித்தது. அவனைப் பாராட்ட வாயெடுத்த நான் தயங்கினேன். மாதந்தோறும் தவறாது சம்பளம் பெற்று, வேலையை விடாமலே இரவிற் படித்து வெளிவாரிப் பட்டமும் பெற்றவன் நான். இடரை ஏற்றுக்கொள் என்று பிறன் பிள்ளைக்கு உபதேசிக்க எனக்கு உள்ள உரிமை சிறிது. ஆகவே பாராட்டாமற் கேள்வி கேட்டேன். நீர் எங்கிருந்து? விற்பது யாருக்கு? விலை விழுந்தால் எத்தனை மாதம் தாங்குவாய்? காணி யார் பெயரில்? முதல் மூன்றுக்கும் அவனிடம் விடை இருந்தது. நாலாவதுக்கு இல்லை.

அந்நாலாவது கேள்வி இம்மாவட்டம் முழுவதற்கும் உரியது. பிரதேச செயலகத்திற் காணி நடமாடும் சேவை நடைபெறும் நாள்களிற் சென்று பார்ப்பவர் நீண்ட வரிசையொன்றைக் காண்பர். 1960களிலே காணி பெற்ற இளைஞர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அவ்வரிசையில் நிற்கின்றனர். பழைய உத்தரவுப் பத்திரம் சிலரிடம் உண்டு. பலரிடம் இடப்பெயர்விற் போயிற்று. பின்னுரித்தாளர் பெயர் எழுதப்படாமலே தந்தை இறந்திருப்பின், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண்மக்களை முன்வைத்துப் பெண்மக்களைப் பின்வைத்தது. அவ்வேற்றுமை நீக்கப்பட்டது 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே. சென்ற முறை யான் ஒரு சான்றிதழ் வேலையாக அங்குச் சென்றிருந்தபோது, வரிசையின் நடுவில் நின்ற இளம்பெண் ஒருத்தி பொலித்தீன் பையொன்றிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை மெல்ல எடுத்து விரித்தாள். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. அவளுடைய பாட்டனார் இருபத்திரண்டு வயதிற் கையெழுத்திட்ட பத்திரம் அது. கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது, ஆங்கிலத்தில், ஓர் இலிகிதருடையது போன்ற அழகிய எழுத்தில்.